முதல் வேஷ உடையும் முதல் கேக்கும்: வீட்டிலேயே செய்யப் போகிறவர்களுக்கு

எங்கள் மகளுக்கு ஒரு பிறந்தநாளுக்கு ஆந்தையாக வேஷம் போட வேண்டும் என்று ஆசை வந்தது. வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு பறவையாகவோ விலங்காகவோ வர வேண்டும், கேக்கும் ஆந்தை மாதிரியே இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அவளே முடிவு செய்துவிட்டாள். நான் அதுவரை கழன்ற பட்டனைத் தைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஓவன் பக்கம் போனதே கிடையாது.

அந்த வருடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. தைத்து முடித்த மேல்சட்டை முந்தின நாள் ராத்திரி அவள் தலைக்குள் நுழையவில்லை. பளபளப்பான துணி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு ஓட்டை விழுந்தது. கேக் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த வருடம் அதே இரண்டையும் மறுபடி செய்தேன், எந்தப் பதற்றமும் இல்லாமல் மூன்று நாள் முன்னாலேயே உடை முடிந்து அலமாரியில் தொங்கியது. அதற்குள் கை ஒன்றும் பெரிதாகத் தேறிவிடவில்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை பிடிபட்டிருந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டியது ஆந்தையாக இல்லாமல் கிளியாகவோ டிராகனாகவோ இருக்கலாம், வழி ஒன்றுதான்.

1. ஒரு நோட்டு, ஒரு பெரிய உறை

துணி வாங்கும் முன் இந்த இரண்டையும் எடுத்து வையுங்கள். நோட்டில் அளவுகள், அளவெடுத்த தேதி, துணி எவ்வளவு வாங்கினீர்கள், கேக் எத்தனை நிமிடத்தில் வெந்தது, எல்லாம் ஒரே இடத்தில். நான் முதல் முறை அளவுகளைக் கிடைத்த காகிதத்தின் ஓரத்தில் எழுதி வைத்தேன், அந்தக் காகிதம் குப்பைக்குப் போய்விட்டது, வெட்டும் நேரத்தில் பிள்ளை பள்ளியில்.

உறைக்குள் போக வேண்டியவை: எல்லா பில்களும், தையல் மெஷினின் வாரண்டி அட்டை, காகித வெட்டு மாதிரிகள், வாங்கிய ஒவ்வொரு துணியிலும் ஒரு சின்னத் துண்டு. துண்டின் மேல் அது பருத்தியா பாலியெஸ்டரா, தண்ணீரில் போடலாமா, எவ்வளவு சூடு தாங்கும் என்று எழுதி ஒட்டுங்கள். கடையில் கேட்காமல் வந்துவிட்டால் வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

மெஷின் யாரிடமாவது இரவல் வாங்கியதாக இருந்தால் அதன் கையேடு அநேகமாகக் கூட வராது. மெஷினின் பின்பக்கத்திலோ அடியிலோ ஒரு தகட்டில் மாடல் எண் இருக்கும். அதை வைத்துத் தேடினால் நிறைய மெஷின்களின் கையேடு இணையத்திலேயே கிடைக்கும். நூல் கோக்கும் படம் இருக்கும் பக்கத்தை மட்டும் அச்சடித்து மெஷின் பக்கத்தில் சுவரில் ஒட்டுங்கள். வேறு எதையும் படிக்காவிட்டாலும் அந்த ஒரு பக்கம் வேண்டும்.

இன்னொரு காகித வேலையும் முதல் வாரத்திலேயே முடிய வேண்டும். வரப்போகும் பிள்ளைகளின் பெற்றோரிடம் எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முட்டை, பால், கோதுமை, எள், வேர்க்கடலை, மற்ற கொட்டை வகைகள், இவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள். பொதுவாக "ஏதாவது அலர்ஜி இருக்கிறதா" என்று கேட்டால் "இல்லை" என்று வந்துவிடும். எந்த கேக் செய்வது என்பதே இந்தப் பதிலைப் பொறுத்தது என்பதால் கடைசி நாளில் கேட்டுப் பயனில்லை.

2. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மூன்று வாரம், அதாவது 21 நாள் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே சாயங்காலங்களில் செய்வதற்கு இது சரியாக இருக்கும். பிறந்தநாளில் ஆரம்பித்துப் பின்னோக்கி எழுதுங்கள்.

கடைசி 2 நாள் முழுக்க கேக்குக்கு மட்டும். 3 நாள் இருக்கும்போது உடை முடிந்து, பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு ஓடிக் குதித்துப் பார்த்திருக்க வேண்டும். 10 நாள் இருக்கும்போது ஒத்திகை கேக். 14 நாள் இருக்கும்போது ஒத்திகை உடை. 18 நாள் இருக்கும்போது துணி கையில் இருந்து, துவைத்துக் காய்ந்திருக்க வேண்டும். அதற்கு முந்தின மூன்று நாள் அளவெடுக்கவும் படம் போட்டுப் பார்க்கவும்.

உடையில் பாக்கி இருக்கும் "சின்னச் சின்ன வேலைகள்" கேக் செய்யும் நாளுக்குத் தள்ளிப்போவதுதான் இதில் பெரிய ஆபத்து. எலாஸ்டிக் கோப்பது, ஓரம் மடித்து அடிப்பது, வெல்க்ரோ வைப்பது, ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை போலத் தெரியும். என் கணக்கில் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் எடுத்தது. வெண்ணெய் ஒட்டிய கையோடு துணியைத் தொட முடியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

3. அளவெடுப்பது

உடம்போடு ஒட்டின மெல்லிய சட்டையோடு நிற்கச் சொல்லி, செ.மீ.-ல் எடுங்கள். இஞ்சும் செ.மீ.-யும் கலந்து எழுதினால் வெட்டும்போது நிச்சயம் குழப்பம் வரும். ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இறக்கை வைத்த உடைக்கு வேண்டிய அளவுகள்: கழுத்துச் சுற்று, இரண்டு கையையும் விரித்து ஒரு மணிக்கட்டிலிருந்து முதுகு வழியாக மறு மணிக்கட்டு வரை, மணிக்கட்டுச் சுற்று, தலைச் சுற்று. மேல்சட்டையும் தைக்கப் போகிறீர்கள் என்றால் மார்புச் சுற்று, தோள் அகலம், உயரம். மார்புச் சுற்று 60 செ.மீ. என்றால் சட்டையும் 60 இருந்தால் மூச்சு விட முடியாது. நீளாத துணியில் 6 முதல் 10 செ.மீ. வரை கூட வைக்க வேண்டும்.

தலைச் சுற்றை யாரும் எடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை. தலை வழியாகப் போடும் எந்த உடைக்கும் கழுத்தைவிட இந்த அளவுதான் முக்கியம். டி-சட்டைத் துணி இழுபடும், அதனால் அங்கே பிரச்சினை தெரியாது. பருத்தித் துணி இழுபடாது. தலைச் சுற்று 52 செ.மீ., கழுத்து வாய் 32 செ.மீ. என்றால் அந்தச் சட்டை நுழையாது. பின்பக்கம் ஒரு பிளவு விட வேண்டும். பிளவின் ஒவ்வொரு செ.மீ.-க்கும் வாய் 2 செ.மீ. பெரிதாகும், ஆகவே 12 செ.மீ. பிளவு விட்டால் 56 கிடைக்கும், தாராளமாக நுழையும். இந்தச் சின்னக் கணக்கைப் போடாததால்தான் அந்த ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

முதல் முறை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேல்சட்டையே தைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரு வெறும் நிற டி-சட்டையும் பேன்ட்டும் அடியில் போதும். உங்கள் உழைப்பு முழுவதையும் பார்க்கிறவர் கண்ணில் படும் இறக்கையில் போடுங்கள்.

4. காசை எங்கே போடுவது

மெஷின் வாங்காதீர்கள். முதல் உடைக்கு இரவல் வாங்குங்கள். இரண்டாவது உடை தைக்கத் தோன்றினால் அப்போது வாங்கலாம். மெஷினே கிடைக்காவிட்டாலும் இந்த இறக்கையைக் கையால் தைக்கலாம், ஒரு வாரம் கூடுதலாக ஆகும்.

ஒரே ஒரு பொருளை மட்டும் நல்லதாக வாங்குங்கள், துணி வெட்டும் கத்தரி. வாங்கியதும் அதன் கைப்பிடியில் ஒரு ரிப்பன் கட்டி, இதில் காகிதம் வெட்டக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். மற்ற எல்லாம், குண்டூசி, துணியில் கோடு போடும் சாக், தையல் பிரிக்கும் முள், சாதாரணமானவையே போதும்.

துணியைப் பொறுத்தவரை முதல் உடைக்குப் பருத்தியும் ஃபெல்ட்டும் (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த கனத்த துணி) மட்டும் வாங்குங்கள். சாட்டினும் வெல்வெட்டும் கடையில் கையை இழுக்கும், எனக்குத் தெரியும். சாட்டின் வெட்டும்போதே நழுவும், ஓரம் பிரியும், குண்டூசி குத்தின இடத்தில் தடம் நிற்கும். வெல்வெட் இரண்டு அடுக்கு சேர்த்துத் தைக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்துவிடும். ஃபெல்ட் ஓரம் பிரியவே பிரியாது, வெட்டினால் வெட்டினபடி நிற்கும், மடித்து அடிக்க வேண்டாம். இறகுகளுக்கு அதைவிட நல்லது இல்லை.

எவ்வளவு வாங்குவது? மணிக்கட்டிலிருந்து மணிக்கட்டு 100 செ.மீ. உள்ள பிள்ளைக்கு, 112 செ.மீ. அகலமுள்ள பருத்தித் துணி 75 செ.மீ. நீளம் போதும். கணக்குப்படி 51 தான் வேண்டும். ஆனால் பருத்தி முதல் துவையலில் சுருங்கும், வெட்டில் ஒரு தவறு நேரலாம், அதற்காகத்தான் கூடுதல். இறகுகளுக்கான ஃபெல்ட் எல்லா நிறமும் சேர்த்து 60-க்கு 90 செ.மீ. அளவு. நூல் 100 மீட்டர் கண்டு ஒன்று. மெஷின் தையல் ஒவ்வொரு மீட்டருக்கும் மேல்நூல், அடிநூல் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மீட்டர் நூல் எடுக்கும். இறகு வரிசைகளுக்கு 17 மீட்டர் நூல் என்றால் மொத்த உடைக்கும் ஒரு கண்டில் மிச்சமே இருக்கும்.

வெட்டி வாங்கிய துணியைப் பல கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள். வெட்டச் சொல்வதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள், துணியைப் பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள்.

செலவு எகிறுவது துணியில் இல்லை. பசை, மணி, ஜிகினா, தனித்தனி நிறப் பெயின்ட், கேக்குக்கு ஒரே தடவை பயன்படும் அச்சு, இவற்றில்தான். நான் முதல் வருடம் துணிக்கும் நூலுக்கும் செலவழித்ததைவிட இந்தச் சில்லறைகளுக்குத்தான் அதிகம் செலவழித்தேன், அதில் பாதி இன்னும் பிரிக்காமலே கிடக்கிறது. அடுக்கி முடித்த இறக்கையைப் பார்த்த பிறகு எது குறைகிறதோ அதை மட்டும் வாங்குங்கள்.

5. மெஷினோடு ஒரு சாயங்காலம்

இந்தச் சாயங்காலத்தை விட்டுவிடாதீர்கள். பழைய துணியில் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் தைத்துப் பழகுங்கள். முதலில் நூல் இல்லாமல் காகிதத்தில் தைத்தாலும் சரி (பழைய ஊசியால், காகிதம் ஊசியை மழுக்கிவிடும்).

பிறகு புது ஊசி போடுங்கள். பெட்டியில் 80/12, 90/14 என்று எழுதியிருக்கும். முதல் எண் ஊசியின் கனம், 90 என்றால் 0.9 மி.மீ. மெல்லிய பருத்திக்கு 80, பருத்தியின் மேல் ஃபெல்ட் வைத்துத் தைக்க 90. டி-சட்டைத் துணிக்கு நுனி உருண்ட தனி ஊசி இருக்கிறது, சாதாரண ஊசி அதில் தையல் விட்டுவிட்டுப் போகும். வீட்டு மெஷின்கள் பலவற்றில் ஊசியின் தட்டையான பக்கம் பின்னால் பார்க்க வேண்டும்.

எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டு கிடக்கும். அடியில் சிக்கல் என்பதால் எல்லோரும் அடிநூல் சுற்றியிருக்கும் பாபினைக் கழற்றிக் கழற்றிப் போடுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்தும் ஃபுட்டை இறக்கிவிட்டு நூல் கோத்தால், நூலை இறுக்கும் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவில் போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு, மேல்நூலை முழுக்க உருவி, மறுபடி முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். அநேகமாக அதிலேயே சரியாகிவிடும். இறுக்கத் திருகை அதுவரை தொடாதீர்கள்.

தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் முனையையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். துணியைக் கையால் இழுக்காதீர்கள், மெஷினே நகர்த்தும், இழுத்தால் ஊசி வளைந்து உடையும். தையல் நீளம் சாதாரணத்துக்கு 2.5 மி.மீ., ஃபெல்ட்டுக்கு 3.

6. பழைய துணியில் ஒத்திகை

நல்ல துணியை வெட்டும் முன் ஒரு பழைய படுக்கை விரிப்பில் அதே உடையை வெட்டிப் பாருங்கள். இறக்கை என்பது ஓர் அரை வட்டம், அவ்வளவுதான். துணியை இரண்டாக மடித்தால் கால் வட்டம் வெட்டினால் போதும். மடிப்பின் மூலையில் இஞ்ச் டேப்பின் நுனியைக் குண்டூசியால் குத்தி, டேப்பைச் சுழற்றிக்கொண்டே சாக்கால் புள்ளி வையுங்கள். நூலில் சாக் கட்டி வட்டம் போடலாம் என்பார்கள், நூல் இழுபட்டு வட்டம் கோணலாகிவிடும்.

கழுத்து வளைவுக்குக் கணக்கு: கழுத்துச் சுற்றை 3.14-ஆல் வகுங்கள். 28 செ.மீ. என்றால் மூலையிலிருந்து ஏறக்குறைய 9. வெளி வட்டம் மணிக்கட்டிலிருந்து மணிக்கட்டு வரை எடுத்த அளவில் பாதி, அதாவது 50. இங்கே கவனமாக இருங்கள், தையலுக்குத் துணி விட வேண்டும். கழுத்தில் 8-ல் வெட்டி 9-ல் தைக்க வேண்டும், வெளி ஓரத்தில் 51-ல் வெட்டி 50-க்கு மடித்து அடிக்க வேண்டும். கழுத்தை 10-ல் வெட்டிவிட்டால் இறக்கை தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். உள் வளைவில் துணி விட வேண்டியது உள் பக்கம் என்பது முதல் தடவை யாருக்கும் தோன்றாது.

வெட்டின ஒத்திகைத் துணியைப் பிள்ளையின் தோளில் போட்டு, கையை மேலே தூக்கச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், மாடிப்படி ஏறச் சொல்லுங்கள். சரியாக வந்தால் அந்தப் பழைய துணியே உங்கள் வெட்டு மாதிரி. பெயரும் தேதியும் எழுதி உறையில் வையுங்கள்.

நல்ல பருத்தியை வெட்டின பிறகு ஓரத்தை உடனே மடித்து அடிக்காதீர்கள். வட்டமாக வெட்டின துணியில் சில இடங்கள் இழைக்கு மூலைவாட்டில் வரும், அங்கே துணி தன் எடையிலேயே தொங்கி நீளும். ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்கவிட்டு, நீண்ட இடங்களைச் சமமாக வெட்டி, அப்புறம் அடியுங்கள்.

7. இறகுகள்

எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இது. ஒரு அட்டையில் 6 செ.மீ. அகலம், 9 செ.மீ. நீளத்தில் இலை மாதிரி ஒரு வடிவம் வெட்டிக்கொள்ளுங்கள், மேல்பக்கம் தட்டையாகவும் கீழ்ப்பக்கம் கூர்மையாகவும் இருக்கட்டும். அதை ஃபெல்ட்டின் மேல் வைத்துச் சுற்றி வரைந்து வெட்ட வேண்டும். மொத்தம் 100 இறகு. கேட்டால் மலைப்பாக இருக்கும், இரண்டு சாயங்காலத்தில் முடிந்துவிடும். சுற்றி வரைவதைப் பிள்ளையிடமே கொடுங்கள். எங்கள் மகள் வரைந்ததில் சில நீளமாக, சில குட்டையாக வந்தன. நான் அவற்றைச் சரிசெய்யாமல் அப்படியே வெட்டினேன். அடுக்கித் தைத்த பிறகு பார்த்தால் அந்த ஒழுங்கில்லாமைதான் நிஜமான இறக்கை மாதிரி இருந்தது.

இறக்கைத் துணியைத் தரையில் விரித்து, மடித்தபோது மூலையாக இருந்த புள்ளியிலிருந்து 44, 38, 32, 26, 20, 14 செ.மீ. தூரங்களிலும், கழுத்தை ஒட்டி 10-லும் சாக்கால் வளைவுகள் போடுங்கள். ஏழு வரிசை. இறகின் மேல் விளிம்பு இந்தக் கோட்டில் உட்காரும். கழுத்தை ஒட்டிய கடைசி வரிசையைத் தவிர வரிசைக்கும் வரிசைக்கும் 6 செ.மீ., இறகின் நீளம் 9, ஆகவே ஒவ்வொரு வரிசையும் அடுத்ததை 3 செ.மீ. மூடும், கடைசி வரிசை மட்டும் 5 செ.மீ. மூடும். வெளி வரிசைக்கு 23 இறகு, பிறகு வரிசையாக 20, 17, 14, 10, 7, கடைசியில் 5. மொத்தம் 96.

தைப்பது கட்டாயம் வெளி ஓரத்திலிருந்து, கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி கீழிருந்து மேலே. கழுத்திலிருந்து ஆரம்பித்தால் மேல் வரிசையைத் தூக்கித் தூக்கித்தான் அடுத்ததைத் தைக்க முடியும், தையலும் வெளியே தெரியும். தைக்கும் முன் எல்லா இறகையும் தரையிலேயே அடுக்கி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, நிறங்களை மாற்றிப் பார்த்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் வரிசை வரிசையாக எடுத்துத் தனித்தனி கவரில் போடுங்கள். ஒரு காற்றோ ஒரு பூனையோ போதும், ஒரு மணி நேர வேலை போய்விடும்.

ஒவ்வொரு வரிசையிலும் இறகுகளைக் குண்டூசியால் குத்தி, மேல் விளிம்பிலிருந்து அரை செ.மீ. விட்டு ஒரே ஓட்டமாகத் தையுங்கள். குண்டூசியைத் தைக்கும் கோட்டுக்குக் குறுக்காகக் குத்தினால் ஊசி கிட்டே வரும்போது உருவுவது சுலபம். உருவாமல் அதன் மேலேயே ஓட்டாதீர்கள், ஊசி முறிந்து முகத்தில் தெறிக்கலாம். இந்த வரிசைகள் தைக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. கடைசி வரிசை முடிந்ததும் தோளில் போட்டுப் பார்த்தவள் அதைக் கழற்றவே மறுத்துவிட்டாள், இறக்கையோடுதான் சாப்பிட்டாள், கையை அசைத்தால் இறகுகள் ஒன்றோடு ஒன்று உரசி மெல்ல ஒரு சத்தம் வரும், அதைக் கேட்கவே அறைக்கு அறை ஓடினாள்.

கடைசியாக மணிக்கட்டுக்கு எலாஸ்டிக். மணிக்கட்டுச் சுற்று அளவுக்கே வெட்டுங்கள், இரு முனையும் 2 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது தேவையான இறுக்கம் தானாக வந்துவிடும்.

இஸ்திரி போடும்போது பெட்டியின் புள்ளிகளைப் பாருங்கள். ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. பருத்தி மூன்று புள்ளி தாங்கும். ஃபெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் ஒரு புள்ளிக்கு மேல் வைக்காதீர்கள், அதுவும் மேலே ஒரு பருத்தித் துணி போட்டு.

8. தலை, கழுத்து, தீ

முகமூடி வேண்டாம். கண் துளை எவ்வளவு பெரிதாக வெட்டினாலும் பக்கவாட்டில் பார்வை மறையும், பிள்ளைகள் ஓடும் இடத்தில் அது ஆபத்து. ஒரு தொப்பியிலோ ஹேர்பேண்டிலோ இரண்டு பெரிய ஃபெல்ட் கண்ணையும் ஒரு மூக்கையும் தைத்து நெற்றிக்கு மேல் வரும்படி வையுங்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும், வியர்க்கவும் செய்யாது.

கழுத்தில் நாடா வைத்து முடிச்சுப் போடாதீர்கள். இறக்கை எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். 3 செ.மீ. வெல்க்ரோ போதும், இழுத்தால் பிரிந்துவிடும். தைத்த பிறகு நீங்களே பின்னாலிருந்து இழுத்துப் பாருங்கள், சுலபமாகப் பிரிய வேண்டும்.

மெழுகுவர்த்தி ஊதும் முன் இறக்கையைக் கழற்றுங்கள். பாலியெஸ்டர் எரியும்போது உருகித் தோலில் ஒட்டும். படம் எடுக்க ஆசையாக இருந்தால் மெழுகுவர்த்தி ஏற்றும் முன் எடுத்துக்கொள்ளுங்கள்.

9. கேக்

ஒத்திகை கேக் செய்யாமல் பிறந்தநாள் கேக் செய்யாதீர்கள். உங்கள் ஓவனைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஒத்திகை. திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 160-ம் இருக்கலாம், 200-ம் இருக்கலாம். ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்குங்கள், கேக் அச்சுகளைவிட அது பயனுள்ள செலவு.

சமையலறைத் தராசு கட்டாயம். கப் கணக்கு நம்ப முடியாதது, ஒரு குறிப்பில் கப் 240 மி.லி., இன்னொன்றில் 250. மாவை அழுத்தி அள்ளினால் ஒரு கப்பில் 30 கிராம் வரைகூட வித்தியாசம் வரும்.

20 செ.மீ. வட்ட டின் இரண்டுக்கு: முட்டை 4, வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் தலா 225 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன். வட்ட டின் இல்லை என்றால் 18 செ.மீ. சதுர டின் இரண்டுக்கும் இதே அளவு பொருந்தும். வெண்ணெயும் முட்டையும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வெளியில் இருக்கட்டும், குளிர்ந்த முட்டையை ஊற்றினால் வெண்ணெய்க் கலவை திரிந்துபோகும். வெண்ணெயும் சர்க்கரையும் நிறம் வெளுக்கும் வரை, ஐந்து நிமிடமாவது அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சலித்துப் போட்ட பிறகு மட்டும் அதிகம் கலக்காதீர்கள், கேக் இறுகிவிடும். பேக்கிங் பவுடர் பழையதாக இருந்தால் முதலில் அரை டீஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணீரில் போடுங்கள், பொங்கி நுரைத்தால் நல்லது. இதற்குப் பதிலாகச் சமையல் சோடாவை அதே அளவில் போடக் கூடாது, அது மூன்று நான்கு மடங்கு வேகமானது, வாயில் கசக்கும்.

180 டிகிரியில் (ஃபேன் உள்ள ஓவனில் 160) 20 முதல் 25 நிமிடம். முதல் 18 நிமிடம் கதவைத் திறக்கவே திறக்காதீர்கள். நான் பன்னிரண்டாவது நிமிடம் ஆசையில் திறந்தேன், குளிர்காற்று பட்டு, மேலெழும்பிக்கொண்டிருந்த நடுப்பகுதி அப்படியே இறங்கிவிட்டது. பல் குத்தும் குச்சியைக் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். டின்னிலேயே 10 நிமிடம் ஆறவிட்டு, பிறகு கம்பி வலையில் கவிழ்த்து முழுக்க ஆறவிடுங்கள்.

ஒத்துக்கொள்ளாதவை பட்டியலில் முட்டை இருந்தால் இந்தக் குறிப்பிலிருந்து முட்டையை மட்டும் நீக்கிச் செய்ய முடியாது. முட்டையில்லாத கேக்குக்கென்றே எழுதிய குறிப்பை எடுத்து, அதை ஒத்திகை பாருங்கள்.

க்ரீமுக்கு வெண்ணெய் 250 கிராம், சலித்த ஐசிங் சர்க்கரை 500. முதலில் மெல்லிய ஒரு பூச்சு பூசி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், உதிரும் தூளெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் இரண்டாவது பூச்சு வழவழப்பாக வரும்.

கேக்கின் இறகுகள் சாக்லேட் வட்டத் துண்டுகள். இங்கேயும் அதே வரிசைதான், கீழிருந்து மேலே, ஒவ்வொன்றும் கீழே இருப்பதைக் கொஞ்சம் மூடும்படி. சாக்லேட் உறையின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள், கொட்டை கலந்திருக்கலாம் என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

நேரம் நெருக்கினால் க்ரீம் பூசாத கேக்கை முழுக்க ஆறிய பிறகு பிளாஸ்டிக் தாளால் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு வாரம் முன்னாலேயே ஃப்ரீசரில் வைத்துவிடலாம். எடுத்த பிறகு தாளைப் பிரிக்காமலே வெளியில் வையுங்கள், நீர்த்துளி தாளின் மேல் படியும், கேக் நனையாது.

10. அன்றைக்கும் அதற்கு அப்புறமும்

ஒரு சின்னப் பெட்டியில் ஊசி நூல், ஊக்கு நாலைந்து, மிச்சமுள்ள நான்கு இறகு, கத்தரி வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு இறகு கட்டாயம் பிய்யும்.

முடிந்ததும் இறக்கையை வெந்நீரில் போடாதீர்கள், வாஷிங் மெஷினிலும் வேண்டாம். ஆறின தண்ணீரில் அலசி, பிழியாமல், தட்டையாக விரித்துக் காயப் போடுங்கள். காய்ந்ததும் நோட்டை எடுத்து, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது, எந்தத் துணி மிச்சம், ஓவனில் எத்தனை நிமிடம் சரியாக இருந்தது என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள், ஒரு வாரம் போனால் மறந்துவிடும். வெட்டு மாதிரியை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். எங்கள் மகள் ஒரே வருடத்தில் 6 செ.மீ. வளர்ந்திருந்தாள், வெளி ஓரத்தில் இன்னொரு வரிசை இறகு சேர்த்தேன், அதே இறக்கை இப்போது மூன்றாவது வருடமாகப் பறந்துகொண்டிருக்கிறது.